வழக்கறிஞர் தொழிலில் பெண்கள்: பாலியல் துன்புறுத்தலும் சட்டம் தரும் காப்பும்

வியாபாரம் செய்கிறவன் இரண்டு பேர் வீட்டுப் படியை மிதிக்காமல் காலம் தள்ள முடியாது. ஒருவர் வைத்தியர், மற்றவர் வக்கீல். ராமகுப்பத்தில் புளியும் நிலக்கடலையும் வாங்கி விற்று வருகிற அடியேனும் இதற்கு விலக்கல்ல. செக் திரும்பி வந்த வழக்கு, பாகப் பிரிவினை வழக்கு என்று குப்பம் கோர்ட்டுக்கும் சித்தூர் கோர்ட்டுக்கும் நாற்பது வருஷமாக நடந்திருக்கிறேன். சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிடும் வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே, அந்த நேரத்தில் சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டிப் படித்தது ஒரு பழக்கமாகிவிட்டது. நான் சட்டம் படித்தவன் அல்லன், படித்துத் தெரிந்துகொண்டவன். இக்கட்டுரையை அந்த அளவில் கொள்ளும்படி அன்பர்களை வேண்டுகிறேன்.

நான் கோர்ட்டுக்குப் போகத் தொடங்கிய நாளில் கறுப்புக் கவுன் அணிந்த பெண்ணை எங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை. இன்றைக்கு நம் வீட்டுப் பெண்கள் திருப்பதியிலும் பெங்களூரிலும் சென்னையிலும் சட்டம் படிக்கிறார்கள். பட்டம் வாங்கி வந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. எந்த சீனியரிடம் விடுவது? ராத்திரி எட்டு மணி வரை ஆபீஸில் இருக்க வேண்டுமாமே? பெற்றோர் வாய்விட்டுக் கேட்காமல் மனத்துக்குள் வைத்துப் புழுங்குகிற கேள்வி இது. இதற்குச் சட்டம் என்ன பதில் வைத்திருக்கிறது என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெண் வாசல் தாண்டிய வரலாறு

வாதம் செய்யும் பெண் தமிழுக்குப் புதியவள் அல்லள். எங்கள் சமண மரபில் வந்த நீலகேசி என்னும் காப்பியத்தின் தலைவி பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என்று ஒவ்வொரு சமயத்தாரையும் தேடிச் சென்று வாதிட்டவள். இந்நூலைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் உரையோடு பதிப்பித்தார். வாதத்தை வாதத்தால்தான் எதிர்கொள்ள வேண்டும், வாதிடுகிறவள் பெண் என்பதை எதிர்வாதமாக வைக்கக் கூடாது என்பதே அந்நூலிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

ஆனால் ஆங்கிலேயர் ஆட்சிக் கோர்ட்டுகள் அப்படி நினைக்கவில்லை. 1916-இல் ரெஜினா குஹா என்னும் பெண் வக்கீலாகப் பதிவு செய்யக் கேட்டபோது கல்கத்தா உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டத்தில் உள்ள 'நபர்' என்ற சொல் பெண்ணைக் குறிக்காது என்பது அவர்கள் சொன்ன காரணம்! 1921-இல் சுதான்சுபாலா ஹஸ்ராவுக்குப் பாட்னா உயர்நீதிமன்றமும் அதே பதிலைச் சொன்னது. அதே 1921-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் கர்னேலியா சொராப்ஜியைப் பதிவு செய்துகொண்டது. 1923-இல் தனிச் சட்டமே இயற்றி, பெண் என்பதற்காக யாரையும் வக்கீல் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று முடிவு கட்டினார்கள். ஆக, நம் நாட்டில் பெண்களுக்கு இந்த வாசல் திறந்து நூறு வருஷம்தான் ஆகிறது. வாசல் திறந்தது சரி. உள்ளே உட்கார இடம் பத்திரமாக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

இந்தத் தொழிலில் ஏன் அதிகச் சிக்கல்?

கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தால் நியமன உத்தரவு உண்டு, சம்பளச் சீட்டு உண்டு, மேலதிகாரிக்கும் மேலே ஒரு அதிகாரி உண்டு. ஜூனியர் வக்கீலுக்கு இதில் எதுவும் கிடையாது. சீனியர் கொடுத்தால் காசு, இல்லாவிட்டால் பஸ் செலவும் நம் கையை விட்டு. கட்டு தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். அவர் கூப்பிட்ட நேரத்துக்கு வர வேண்டும். கட்சிக்காரர் வீட்டுக்கும் வெளியூர் கோர்ட்டுக்கும் உடன் போக வேண்டும். தொழிலைக் கற்றுத் தருகிறவரும் அவர்தான், நாளைக்கு நாலு பேரிடம் நல்ல வார்த்தை சொல்ல வேண்டியவரும் அவர்தான். மண்டியில் கணக்குப் பழகும் பையன் முதலாளியை எதிர்த்துப் பேச முடியாதது போலத்தான். ஆனால் பையனுக்கு வேறு மண்டி கிடைக்கும். ஒரு சின்ன ஊரின் பார் அசோசியேஷனில் எல்லாரும் எல்லாருக்கும் வேண்டியவர்கள். ஒரு சீனியரைப் பற்றி வாய் திறந்த பெண்ணை இன்னொரு சீனியர் சேர்த்துக்கொள்ளத் தயங்குவார்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. பெண் ஐந்து வருஷம் சட்டம் படித்துப் பட்டம் வாங்கினாள். ஒரு ஆபீஸில் ஜூனியராகச் சேர்ந்து ஐந்தாறு மாதம் போனாள்; பிறகு போகவே இல்லை. அப்பா என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க நாலு புத்தகம் படிச்சவரு. சீனியர் பேசுற பேச்சு சரியில்லேன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லியிருக்கா. யார்கிட்ட போய் இதைக் கேக்கிறது? போலீசுன்னா ஊரெல்லாம் தெரிஞ்சுபோயிடும். வக்கீல் மேலேயே கேஸ் போட எந்த வக்கீல் வருவாரு?" என்றார். அவள் கவுன் இன்றைக்கும் பீரோவில் மடித்தபடி இருக்கிறது. அவர் கேட்ட மூன்று கேள்விக்கும் சட்டத்தில் பதில் உண்டு. அந்தப் பதில் அவருக்குத் தெரியவில்லை, நம்மில் பலருக்கும் தெரியாது என்பதால்தான் இந்த மலரில் இதை எழுத நினைத்தேன்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்றும் எண்ண வேண்டாம். சர்வதேச வழக்கறிஞர் சங்கம் 2019-இல் 135 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 7,000 சட்டத் துறையினரைக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. பதில் சொன்ன பெண்களில் மூன்றில் ஒருவர் தொழில் சார்ந்த இடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார். அப்படி நடந்தவற்றில் முக்கால் பங்கு புகார் அளவுக்கே வரவில்லை. படித்த நாட்டிலும் பெண்கள் வாய் மூடித்தான் இருந்திருக்கிறார்கள்.

பன்வாரி தேவி முதல் 2013 வரை

இன்றுள்ள சட்டத்துக்கு வித்திட்டவர் ஒரு கிராமத்துப் பெண். ராஜஸ்தானில் ஜெய்ப்பூருக்கு அருகே பட்டேரி கிராமத்தில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊழியராக இருந்தவர் பன்வாரி தேவி. ஒரு கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்க முயன்றார். அந்தக் கோபத்தில் 1992 செப்டம்பரில் கணவர் கண்ணெதிரிலேயே அவரைச் சிலர் கூட்டு வன்கொடுமை செய்ததாக வழக்கு. 1995-இல் கீழ்க் கோர்ட்டு எதிரிகளை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அரசு வேலையைச் செய்யப் போய்த்தானே இந்தக் கொடுமை நேர்ந்தது, வேலை செய்யும் பெண்ணுக்குப் பாதுகாப்பு எங்கே என்று 'விசாகா' முதலிய மகளிர் அமைப்புகள் உச்சநீதிமன்றம் சென்றன.

1997 ஆகஸ்டு 13-இல் நீதிபதிகள் ஜே. எஸ். வர்மா, சுஜாதா மனோகர், பி. என். கிர்பால் ஆகியோர் தீர்ப்பளித்தனர். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல் என்பது அரசியல் சட்டத்தின் 14, 15, 21 ஆகிய பிரிவுகளையும், 19(1)(ஜி) பிரிவையும் மீறுவது என்பது அத்தீர்ப்பின் சாரம். இந்தக் கடைசிப் பிரிவை அன்பர்கள் கவனிக்க வேண்டும். எந்தத் தொழிலையும் வியாபாரத்தையும் செய்ய உரிமை தரும் பிரிவு அது. நான் ராமகுப்பத்தில் மண்டி வைத்திருப்பதற்கும், வேறு மாநிலத்தில் நீங்கள் கடை நடத்துவதற்கும் எந்தப் பிரிவு ஆதாரமோ, அதே பிரிவுதான் நம் பெண் கவுன் அணிந்து கோர்ட்டுக்குப் போவதற்கும் ஆதாரம். என் கடை வாசலில் ஒருவன் நின்று வருகிறவர்களை மிரட்டினால் நான் சும்மா இருப்பேனா? பெண்ணின் மேசை அருகே நடப்பதும் அதே வகை மறியல்தான்.

நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளையும் அத்தீர்ப்பு வகுத்துத் தந்தது. 2012 அக்டோபரில் மேதா கோத்வால் லேலே வழக்கில், எல்லா பார் அசோசியேஷன்களும் பதிவு பெற்ற வழக்கறிஞர்களும் விசாகா நெறிகளைப் பின்பற்றும்படி இந்திய பார் கவுன்சில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதே 2013-இல் உச்சநீதிமன்றம் தன் வளாகத்துக்கே தனி விதிமுறைகள் வகுத்து ஒரு புகார்க் குழுவையும் அமைத்தது. அந்த நவம்பரில்தான், பயிற்சிக்கு வந்திருந்த சட்ட மாணவி ஒருவர், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தம்மிடம் முறைகேடாக நடந்ததாக வெளியே சொன்னார். மூன்று நீதிபதிகள் கொண்ட குழு விசாரித்தது. அந்த மாணவியின் வாக்குமூலம் மேலோட்டமாகப் பார்க்கையில் விரும்பத்தகாத நடத்தையைக் காட்டுகிறது என்று கூறியது. ஆனால் நீதிபதி ஓய்வுபெற்றுவிட்டார், மாணவியும் நீதிமன்றப் பதிவில் உள்ள பயிற்சியாளர் அல்லர், ஆகவே நீதிமன்றம் மேலே செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முடிந்தது. நாட்டின் உச்சியிலேயே 'இவள் யாருடைய பொறுப்பு?' என்ற கேள்வி விடையின்றி நின்றது. வழக்கறிஞர் தொழிலின் சிக்கல் முழுதும் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

எது துன்புறுத்தல்?

தொடுவது மட்டும்தான் குற்றம் என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டம் ஐந்து வகை சொல்கிறது: உடலைத் தொடுதல் அல்லது நெருங்குதல், பாலுறவு இணக்கம் கேட்டல், பாலியல் சாயலுள்ள பேச்சு, ஆபாசப் படம் காட்டுதல், இவை போன்ற வேறு விரும்பத்தகாத சொல், செயல், சைகை. இன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு வருகிற வாட்ஸ்அப் செய்தியும் இதில் அடங்கக் கூடும். 'சொன்னபடி கேட்டால் நல்ல கேஸ் தருவேன்' என்ற ஆசை காட்டலும், 'இல்லையென்றால் இந்த பாரில் பிழைக்க முடியாது' என்ற மிரட்டலும் சேர்ந்தால் குற்றம் இன்னும் கனக்கிறது. இங்கே உரைகல் 'விரும்பத்தகாத' என்ற சொல். அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்பதல்ல, அவள் அதை விரும்பினாளா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

எங்கே போவது? நான்கு வாசல்கள்

முதல் வாசல், உள் புகார்க் குழு. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் இது இருந்தாக வேண்டும். மூத்த பெண் ஒருவர் தலைமை, பாதிக்குக் குறையாமல் பெண் உறுப்பினர், வெளியார் ஒருவர். அமைக்கத் தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். பெரிய சட்ட நிறுவனங்களுக்கு இது பொருந்தும். சம்பளம் வாங்காத பயிற்சியாளரும் இச்சட்டப்படி 'ஊழியர்' என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது வாசல், மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழு. பத்துப் பேருக்குக் குறைந்த ஆபீஸாக இருந்தாலும், புகார் முதலாளி மேலேயே இருந்தாலும் இங்கே போகலாம். கிராமப் புறத்தில் மண்டல அளவில் புகார் வாங்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும். அவர் ஏழு நாளுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். பல மாவட்டங்களில் இவை ஏட்டளவில் இருந்ததால், 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் நாடு முழுதும் மாவட்ட அதிகாரிகளை நியமித்துக் குழுக்களை அமைக்கக் கெடு விதித்தது. வேலை செய்யும் பெண் மட்டுமல்ல, ஜீவனாம்ச வழக்குக்கோ சொத்து வழக்குக்கோ வக்கீல் ஆபீஸுக்குப் போகும் கட்சிக்காரப் பெண்ணும் புகார் தரலாம். 'வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்று சட்டமே சொல்கிறது.

இந்த இரண்டு குழுவிலும் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கூட்டுவார்கள். 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும். பெண் விரும்பினால் மட்டும் சமரசம் பேசலாம். ஆனால் பணம் கொடுத்துச் சமரசம் செய்யக் கூடாது. மண்டியில் எல்லாவற்றையும் பணத்தில் முடித்துப் பழகிய நமக்கு இந்த விதி அதிசயமாகத் தோன்றும். மானத்துக்கு விலை பேசக் கூடாது என்பதே இதன் கருத்து. பெயர், முகவரி, விசாரணை விவரம் எதையும் வெளியிடக் கூடாது. தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்டு வாங்க முடியாது. 'ஊரெல்லாம் தெரிஞ்சுபோயிடும்' என்ற பயத்துக்கு இது பதில். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்றும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

மூன்றாவது வாசல், பார் கவுன்சில். வழக்கறிஞர் சட்டம், 1961-இன் 35-ஆம் பிரிவின்படி, தவறாக நடந்த வழக்கறிஞரை மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யாமல் நிறுத்தலாம், பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கலாம். மூன்று மாநிலம் கூடும் மூலையில் வாழும் எங்களுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. அந்த வக்கீல் எந்த மாநிலத்தில் பதிவு செய்தவரோ, அந்த மாநில பார் கவுன்சிலுக்குத்தான் புகார் போக வேண்டும். சித்தூரில் தொழில் செய்தாலும் பதிவு சென்னையில் என்றால் தமிழ்நாடு–புதுச்சேரி பார் கவுன்சில். ஒரு வருஷத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் விஷயம் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும்.

2025 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம் இதைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. பார் கவுன்சில் வழக்கறிஞர்களுக்கு முதலாளி அல்ல. ஆகவே பெண் வழக்கறிஞர் இன்னொரு வழக்கறிஞர் மேல் தரும் புகாருக்காக அங்கே 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழு அமைக்கச் சொல்ல முடியாது, 35-ஆம் பிரிவு இருக்கிறது என்றது. சட்ட எழுத்துப்படி இது பொருந்தலாம். ஆனால் 35-ஆம் பிரிவில் மூன்று மாதக் கெடு, பெண் உறுப்பினர், பெயர் மறைப்பு, விசாரணைக் காலத்தில் இடைக்காலப் பாதுகாப்பு ஆகிய எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. தராசு இருக்கிறது, படிக்கல் இல்லை என்பது போலத்தான் இது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2016-இல் தொழில் ஒழுக்க மாதிரி விதியிலேயே பாலியல் துன்புறுத்தலைத் தொழில் தவறு என்று எழுதிச் சேர்த்தது. நம் பார் கவுன்சிலும் அவ்வாறு வெளிப்படையாக எழுதிவைத்தால் பாதி வாதம் குறையும் என்பது அடியேன் கருத்து.

நான்காவது வாசல், போலீஸ். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவில் பாலியல் துன்புறுத்தலுக்கு மூன்று வருஷம் வரையும், பாலியல் சாயலுள்ள பேச்சுக்கு ஒரு வருஷம் வரையும் சிறைத் தண்டனை உண்டு. பின்தொடர்ந்து தொல்லை தருவது 78-ஆம் பிரிவு. சம்பவம் பெங்களூரில் நடந்தாலும் ராமகுப்பம் ஸ்டேஷனில் புகார் தரலாம். எல்லை பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. இத்தகைய புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். 'எந்த வக்கீல் வருவார்?' என்ற கேள்விக்கும் பதில் உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 எண்ணில் கேட்கலாம். மகளிர் உதவி எண் 181.

வருமுன் காத்தல்

புகார் என்பது நோய் வந்த பின் மருந்து. வருமுன் காப்பது மேல். தன்னைப் போல் இன்னும் நாலு பெண்கள் கோர்ட்டில் இருந்தால் பெண்ணுக்குத் தைரியம் தானே வரும். 2024-இல் உச்சநீதிமன்ற பார் அசோசியேஷனின் செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று உத்தரவாயிற்று. 2025 டிசம்பரில் மாநில பார் கவுன்சில்களிலும் பெண்களுக்கு 30 சதவீத இடம் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. முடிவு எடுக்கும் மேசையில் பெண் உட்கார்ந்தால் பாதிப் புகாருக்கு இடமே இருக்காது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. சீனியரிடம் சேர்க்கும் முன் அங்கே முன்பு இருந்த ஜூனியர் பெண்களிடம் விசாரியுங்கள். சரக்கு வாங்குமுன் நாலு இடத்தில் விசாரிக்கிறோமே! வேலை நேரம், வெளியூர்ப் பயணம் பற்றி முதலிலேயே பேசிக்கொள்ளட்டும். தவறு நடந்தால் தேதி, நேரம், சொன்ன சொல், யார் அருகில் இருந்தார் என்பதை அன்றைக்கே எழுதி வைக்கச் சொல்லுங்கள். செய்திகளை அழிக்க வேண்டாம். அன்றாடம் எழுதிய பேரேடு கோர்ட்டில் நிற்கும், நினைவில் இருந்து எழுதியது நிற்காது என்பது வியாபாரிக்குத் தெரிந்த பாடம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண் வீட்டில் வந்து சொல்லும்போது "நீ ஏம்மா அங்கே நின்னே?" என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில் நான்கு வாசலும் மூடிக்கொள்ளும்.

நம் சங்கம் செய்யக் கூடியதையும் சொல்லி முடிக்கிறேன். வெளிமாநிலத்தில் மொழி தெரியாமல் தவிக்கும் தமிழ்ப் பெண்களுக்கு உள்ளூர்க் குழுவுக்கான புகாரைத் தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதித் தர இரண்டு பேர் முன்வரலாம். சங்கத்து உறுப்பினரான மூத்த பெண் வழக்கறிஞர்கள் புதிதாகப் பட்டம் வாங்கிய பெண்களுக்கு நல்ல ஆபீஸைக் காட்டித் தரலாம். மாவட்டக் குழுவின் முகவரியைக் கேட்டு வாங்கிச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்; செலவு ஒரு சாக்பீஸ்தான். மன்றத்தில் ஏறி மற்றவருக்காக நியாயம் கேட்கப் போகிறவள் தனக்கு வேண்டிய நியாயத்தையும் அங்கேயே கேட்டுப் பெறட்டும். அதற்கு நாம் அவள் பின்னால் நிற்போம்.